தலைக்கணக்கு

2025 ஜூலையில் ஒரு திங்கட்கிழமை. கவுண்டரில் கூட்டம். முதியோர் உதவித்தொகை வந்துவிட்டதா என்று பாஸ்புக்கை நீட்டுகிறவர்கள், நகைக்கடனுக்கு வட்டி கட்ட வந்தவர்கள், மகளிர் குழுவின் பணத்தைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்த இரண்டு பெண்கள். அவர்களுக்கு நடுவில், கணக்கு ஆரம்பிக்க வந்த ஓர் ஒடிசாப் பையன். பக்கத்து கிரஷரில் வேலை. முழங்கைவரை கல்மாவு. விண்ணப்பத்தில் நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம், தற்போதைய முகவரி என்று ஒரு கட்டம். நான் ஆயிரக்கணக்கில் நிரப்பிய கட்டங்கள். முதல் கட்டத்தில் போலாங்கீர் ஜில்லாவில் ஏதோ ஒரு கிராமம். இரண்டாவதில் என்ன எழுதுவது என்று அவனைக் கேட்டேன். "மாகறல் பக்கம், சார்" என்றான். தமிழில்தான் சொன்னான்.

அவனுக்குப் பின்னால் நின்ற பெரியவரை ஊரில் எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுஷர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவர். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பாத்துக்க தம்பி. இன்னும் இருவது வருசத்துல நம்ம ஊர்ல இவனுங்கதான் இருப்பானுங்க. நாம ஒண்ணு பெத்துட்டு நிறுத்திட்டோம். இவனுங்க நிறுத்துவானுங்களா?"

பையன் சிரித்தான். புரியாமல் சிரித்த சிரிப்பு அல்ல. இங்கே வந்து மூன்று வருஷமாகிறது அவன்.

நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமலிருப்பது வங்கி குமாஸ்தாவுக்குத் தொழிலோடு வந்துவிடுகிற பழக்கம். ஆனால் அன்றைய மௌனத்துக்கு அது மட்டும் காரணமல்ல. மாமா சொன்ன வாக்கியத்தை முந்தின இரவுதான் வேறு ஒரு பாஷையில், வேறு ஒருவரைப் பற்றிச் சொல்லப்பட்டதாகக் கேட்டிருந்தேன். என் சித்தப்பா மகன் டெக்ஸாஸில் இருக்கிறான். பத்து வருஷமாக விசாவில். தன் பேட்டையில் நடந்த ஒரு கூட்டத்தில் வயதான வெள்ளைக்காரர் ஒருவர் எழுந்து, இன்னும் இருபது வருஷத்தில் இந்த ஊர் நம்முடையதாக இருக்காது என்று பேசியதைப் போனில் சொன்னான். கோபமாகச் சொன்னான். "நான் என்ன அவங்க ஊரத் தூக்கிட்டா போறேன்?" என்றான். நானும் கோபப்பட்டேன். மறுநாள் காலை அதே வாக்கியம் நம்ம ஊர் மாமாவின் வாயிலிருந்து வந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

இலக்கண விஷயமாக ஒன்றை முதலில் சொல்லிவிடலாம். இங்கிலீஷ் பி.ஏ. படித்தவனுக்கு இது வழக்கமாக மறந்துபோகிற விஷயம். இங்கிலீஷில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான். தமிழில் இரண்டு. கேட்பவனையும் சேர்த்துக்கொண்டால் நாம். அவனை வெளியே நிறுத்திவிட்டால் நாங்கள். டெக்ஸாஸ் கிழவர் சொன்ன சொல்லில் என் சித்தப்பா மகன் உள்ளேயா வெளியேயா என்பதை அந்த பாஷை சொல்ல வேண்டியதில்லை. மாமாவோ "நம்ம ஊர்" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் பையனின் காதிலும் விழுந்தது. விழட்டும் என்றே சொன்னது என்றும் வைத்துக்கொள்ளலாம். காதில் விழுகிறவனை நாம் என்ற சொல் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அன்று இழுத்துக்கொள்ளவில்லை.

அமெரிக்க விஷயத்துக்கு வருகிறேன். 2012 மே மாதம் அந்நாட்டு ஜனத்தொகைக் கணக்கு இலாகா ஒரு தகவலை வெளியிட்டது. 2011 ஜூலை 1ஆம் தேதி நிலவரப்படி, ஒரு வயது நிரம்பாத குழந்தைகளில் 50.4 சதவீதம் வெள்ளையரல்லாத, அல்லது ஸ்பானிய வம்சாவளியைச் சேர்ந்த குழந்தைகள். தொட்டிலில் பெரும்பான்மை மாறிவிட்டது. ஹவாய், கலிபோர்னியா, நியூ மெக்ஸிகோ, டெக்ஸாஸ் ஆகிய மாநிலங்களில் அதற்கு முன்பே மொத்த ஜனத்தொகையிலும் மாறியிருந்தது. 2022 ஜூலை மதிப்பீட்டின்படி டெக்ஸாஸில் ஸ்பானிய வம்சாவளியினர் 40.2 சதவீதம், வெள்ளையர் 39.8. அரை சதவீதத்துக்கும் குறைவான இந்த வித்தியாசத்தின் மேல் எவ்வளவு பேச்சு, எவ்வளவு பயம் என்று சித்தப்பா மகன் அனுப்புகிற பத்திரிகைத் துண்டுகளிலிருந்து தெரிகிறது.

ஆனால் இந்தப் பயம் 2012இல் பிறந்ததல்ல. 1787இல் எழுதப்பட்ட அரசியல் சட்டத்திலேயே அது ஒரு பின்னமாக உட்கார்ந்திருக்கிறது. மாநிலங்களுக்குப் பிரதிநிதிகளைப் பங்கிடும்போது அடிமைகளைத் தலைக்கு ஐந்தில் மூன்று பங்கு என்று எண்ணுவது என ஏற்பாடு. அடிமைக்கு வாக்கில்லை. ஆனால் அவன் தலை எண்ணப்பட்டதால் அவனை அடிமையாக வைத்திருந்தவர்களுக்கு அதிகப் பிரதிநிதிகள் கிடைத்தார்கள். அவனுடைய இருப்பே அவனுக்கு எதிரான பலமாயிற்று. 1865இல் அடிமை முறை ஒழிந்தது. 1868இல் பதினாலாவது திருத்தம் அந்தப் பின்னத்தை முழு எண்ணாக்கியது. பயம் மட்டும் அப்படியே இருந்தது. 1920இல் கணக்கெடுத்தபோது ஜனங்கள் நகரங்களுக்கும் குடியேறிகளின் பேட்டைகளுக்கும் நகர்ந்துவிட்டது தெரிந்தது. கிராமத்துப் பிரதிநிதிகள் அந்தக் கணக்கை ஏற்று இடங்களைப் பங்கிட மறுத்து, ஒரு பத்தாண்டு முழுவதும் பழைய பங்கீட்டையே ஓட்டினார்கள். 1924இல் குடியேற்றத்துக்கு அளவு வைத்தார்கள். எந்தக் கணக்கின் அடிப்படையில்? கையில் 1920ஆம் வருஷக் கணக்கு இருக்க, 1890ஆம் வருஷக் கணக்கின் அடிப்படையில். இத்தாலியரும் யூதரும் பெருமளவில் வந்து இறங்குவதற்கு முந்தின கணக்கு அது. தங்களுக்குப் பிடித்த முகம் தெரிகிற பழைய கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்கள்.

நம்மை அவர்கள் எப்படி எண்ணினார்கள் என்பதும் ஒரு சுவாரஸ்யமான விஷயம். 1920, 1930, 1940 கணக்கெடுப்புகளில் இந்தியாவிலிருந்து போனவர்களுக்கு இனம் என்ற கட்டத்தில் 'ஹிந்து' என்று போட்டார்கள். சீக்கியரும் ஹிந்து, முஸ்லிமும் ஹிந்து. அங்கே போய்ச் சேர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர் எவரேனும் இருந்திருந்தால் அவரும் ஹிந்து. கட்டம் போடுகிறவனுக்கு எதிரே நிற்பவனைப் பற்றி அவ்வளவு தெரிந்தால் போதும் போலிருக்கிறது. இதைப் படித்தபோது, நான் நிரப்பும் விண்ணப்பங்களின் கட்டங்கள் ஞாபகத்துக்கு வந்தன.

இன்னொரு செய்தி. 2020 கணக்கெடுப்பின் பயனாக டெக்ஸாஸுக்கு இரண்டு பிரதிநிதிகள் கூடினார்கள்: 36 பேர் 38 ஆனார்கள். அங்கே பங்கீட்டுக்குக் குடிமகன், அந்நியன் என்ற பேதமில்லை. வசிக்கிற எல்லாத் தலையும் ஒரே தலை. அந்த இரண்டு இடத்துக்கான கூட்டலில் என் சித்தப்பா மகனின் தலையும் ஒன்று. அவனுக்கு வாக்கில்லை. அந்தக் கூட்டத்தில் எழுந்து பேசிய கிழவரின் கட்சிக்கு அவன் தலை ஓர் இடத்தைச் சம்பாதித்துக் கொடுத்திருக்கவும்கூடும்.

மாகறலில் இருந்துகொண்டு இதையெல்லாம் யோசிப்பதற்கு ஒரு சௌகரியம் உண்டு. உத்திரமேரூர் பக்கத்தில் இருக்கிறது. பராந்தக சோழனின் 12ஆவது, 14ஆவது ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் அங்கே சுவரில் இருக்கின்றன. அதாவது ஏறத்தாழ 919, 921. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்ன ஏற்பாடு அதில் விவரமாக எழுதப்பட்டிருக்கிறது. 2020 டிசம்பரில் புதிய பாராளுமன்றக் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் மோடி இந்தக் கல்வெட்டைச் சொல்லிப் பேசினார். எங்கள் பக்கத்தில் அன்று எல்லோருக்கும் பெருமை. எனக்கும்தான். ஆனால் கல்வெட்டின் தகுதிகளையும் படித்துப் பார்க்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம். சொந்த மனையில் வீடு. வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம். அந்த நிலத்தில் இறங்கி உழுதவன் எந்தக் குடும்பிலும் இல்லை. அவன் வீட்டுப் பெண் மட்டுமல்ல, எந்த வீட்டுப் பெண்ணும் இல்லை. குடத்துக்குள் கையை விட்ட சிறுவனைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். குடத்துக்குள் எந்தப் பெயர்கள் போகலாம் என்பது அவன் கையை விடுவதற்கு முன்பே முடிந்துபோன காரியம்.

மாகறலுக்கும் ஒரு கதை உண்டு. செய்யாற்றங்கரையில் இருக்கும் திருமாகறலீஸ்வரர் கோவிலின் கதை. ஊரில் ஓர் அதிசயப் பலாமரம். தினம் ஒரு பழம். அது சிதம்பரத்துக்கு நடராஜருக்குப் போய், பிறகு ராஜேந்திர சோழனுக்குப் போகும். சுமந்துகொண்டு நடப்பது ஊர்க்காரர்கள், வீட்டுக்கு ஓர் ஆள், முறைவைத்து. இந்தத் தொல்லையைத் தாங்காமல் ஒரு பையன் மரத்தைக் கொளுத்திவிட்டான். பிறகு ராஜா வந்து, பொன் உடும்பைக் கண்டு, அது புற்றுக்குள் புகுந்து, லிங்கம் கிடைத்து, கோவில் எழும்பியது. பக்தர்களுக்கு உடும்பின் வால் போன்ற லிங்கம் முக்கியம். எனக்கு எப்போதும் அந்த 'வீட்டுக்கு ஓர் ஆள்'தான். உத்திரமேரூரில் எண்ணியது ஆள்வதற்கு. மாகறலில் எண்ணியது சுமப்பதற்கு. பெரும்பாலான ஜனங்கள் சரித்திரத்தில் இரண்டாவது வகையாகத்தான் எண்ணப்பட்டிருக்கிறார்கள்.

இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த இடம் இலங்கை மலையகம். 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருஷமே வாக்குரிமையும் போயிற்று. ஆனால் தொகுதிகளைப் பிரிப்பதற்கு ஜனத்தொகையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஜனத்தொகையில் தோட்டத் தொழிலாளி சேர்த்தி. 1952 தேர்தலிலிருந்து அவன் தலையின் பலத்தில் கண்டி மலைப் பிரதேசத்துக்குக் கூடுதல் தொகுதிகள். அவற்றில் வாக்களித்தது சுற்றிலுமிருந்த சிங்களக் கிராமங்கள். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் உட்கார்ந்து இந்த ஜனங்களைப் பங்கிட்டபோது, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் சிலோனுக்கு, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். மூன்று எண்ணும் முழு ஆயிரத்தில் முடிகின்றன. மனுஷர்கள் அப்படி முழு ஆயிரமாகப் பிறப்பதில்லை.

இதை நாம் அநீதி என்கிறோம். அநீதிதான். இப்போது நம் வீட்டு விஷயம்.

1962 தேர்தலில் சென்னை ராஜ்யத்துக்கு லோக்சபாவில் 41 இடம். 1967இல் 39. இடையில் நாம் செய்த குற்றம், மற்ற மாநிலங்களைவிட மெதுவாகப் பெருகியது. 1976இல் 42ஆவது திருத்தம், 1971 கணக்கோடு பங்கீட்டை நிறுத்திவைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்கள் அதனால் நஷ்டப்படக் கூடாது என்று சொல்லப்பட்டது. 2001இல் 84ஆவது திருத்தம், 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்புவரை அதை நீட்டியது. இடைப்பட்ட காலத்தில் தமிழ்நாடு 1971இன் 4.12 கோடியிலிருந்து 2011இல் 7.21 கோடி. அதே நாற்பது வருஷத்தில் ராஜஸ்தான் 2.58 கோடியிலிருந்து 6.85 கோடி. நமக்கு 39 இடம், அவர்களுக்கு 25. இந்தத் தடையை எடுத்துவிட்டு வெறும் தலையை எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு வங்கி குமாஸ்தா தேவையில்லை. சொன்ன வேலையைச் செய்தவனுக்கு அபராதம் என்பது எந்த நியாயத்திலும் சேராது. இதில் எனக்குச் சந்தேகமில்லை.

சந்தேகம் அடுத்த படியில் வருகிறது. 2024 அக்டோபரில் மு.க. ஸ்டாலின் முதலமைச்சராக ஒரு திருமண விழாவில் பேசும்போது, பதினாறும் பெற்று என்ற பழைய வாழ்த்தை எடுத்து, அது பதினாறு செல்வங்களைத்தான் குறித்தது, ஆனால் தொகுதிகள் குறையும் என்ற நிலையில் பதினாறு பிள்ளை பெற்றால் என்ன என்று நினைக்கத் தோன்றுகிறதே என்றார். பாதி வேடிக்கையாக. 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில், புதுமணத் தம்பதிகள் உடனே பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டும் என்றார். அது அவ்வளவு வேடிக்கையாக இல்லை. ஆந்திரத்தில் சந்திரபாபு நாயுடுவும் இதே ராகம். என் அம்மா டெலிவிஷனில் இதைக் கேட்டுவிட்டு, எனக்கும் என் மனைவிக்கும் பொதுவாக, சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "சி.எம்.மே சொல்லிட்டாரு."

எங்களுக்கு ஒரே மகள். ஆறு வயது. அம்மா நாங்கள் மூன்று பேரைப் பெற்றவள். அவளைப் பெற்ற ஆயா எட்டுப் பெற்று, அதில் ஐந்து நிலைத்தது. எட்டு, மூன்று, ஒன்று. ஜனத்தொகை நிபுணர்கள் வரைகிற வளைகோடு எங்கள் வீட்டுக் கூடத்திலேயே இறங்கி வருகிறது. தேசியக் குடும்பநல ஆய்வு 2019–21இல் தமிழ்நாட்டுப் பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை என்கிறது. ஜனத்தொகை குறையாமல் நிலைக்க 2.1 வேண்டும் என்பார்கள்.

இந்த இறக்கத்துக்கு யார் காரணம் என்று கேட்டால் சர்க்கார் தன்னைச் சொல்லும். அதில் உண்மை உண்டு. 1951 கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ. கோபாலசாமி பிறகு சென்னை ராஜ்யத்தின் தலைமைச் செயலரானார். அறுவைச் சிகிச்சை செய்துகொள்பவர்களுக்கு ரொக்கம் கொடுக்கும் முறை 1950களில் இங்கேதான் ஆரம்பமாயிற்று. பிறகு சிவப்பு முக்கோணம், 'நாம் இருவர் நமக்கு இருவர்', பெண்பிள்ளைகளின் படிப்பு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நிச்சயம், பஸ், ஆரம்ப சுகாதார நிலையம். எல்லாம் சேர்ந்துதான்.

ஆனால் இருபது வயதில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுத ஆசைப்பட்டு ஆயாவிடம் கேட்டேன். எட்டாவதுக்குப் பிறகு அவள் முகாமுக்குப் போய் ஆபரேஷன் பண்ணிக்கொண்டவள். கொஞ்சம் பணமும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் கொடுத்தார்கள். நாட்டுக்காகவா, பணத்துக்காகவா, தாத்தா சொன்னாரா என்றெல்லாம் கேட்டேன். ஆயா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "யாருக்காவும் இல்லப்பா. இடுப்பு செத்துப்போச்சு" என்றாள். பிறகு, "ஒங்க தாத்தாவுக்கு ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரியும்" என்றாள். கட்டுரையை எழுதவில்லை. அந்த இரண்டு வாக்கியத்துக்கு மேல் எழுத என்னிடம் எதுவும் இல்லை.

வெகு நாள் கழித்துப் பெரியார் 1930களில் கர்ப்பத் தடையைப் பற்றி எழுதியவற்றைப் படித்தபோது ஆயாவின் பதில் எனக்குத் திரும்பக் கேட்டது. மற்றவர்கள் பெண்ணின் ஆரோக்கியத்துக்காக, குடும்பச் சொத்துக்காக, தேசத்தின் வறுமைக்காகப் பிள்ளைப்பேற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள். நாம் சொல்வது பெண் விடுதலை அடைய வேண்டும் என்பதற்காக என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். இந்தப் பிரிவினை வெறும் வாதத் திறமை அல்ல. தேசத்துக்காகக் குறை என்று சொன்னவன், தேசத்துக்காகக் கூட்டு என்றும் ஒருநாள் சொல்வான். நாற்பது வருஷம் முக்கோணத்தை வரைந்த சுவரிலேயே இப்போது அதைத் தலைகீழாகத் திருப்பி வரையலாம், சுண்ணாம்புச் செலவுதான். பெண்ணுக்காக என்று சொன்னவனால் மட்டும் வார்த்தையை மாற்ற முடியாது.

அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னதற்கு என் மனைவி சுவரைப் பார்க்காமல் பதில் சொன்னாள். "சீட்டு கொறையுதுன்னா நான் பெத்துக் குடுக்கணுமா அத்தை? என்ன ஏலச்சீட்டா, மாசாமாசம் கட்டறதுக்கு?" அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. காரணம், தொகுதிப் பங்கீட்டைப் பற்றி வங்கி நண்பர்களிடம் நான் பேசுகிற பேச்சில், நாம் குறைந்துகொண்டே போகிறோம் என்று ஒரு வாக்கியம் தவறாமல் வரும். நாம் என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறேன்? பெருகுவதும் குறைவதும் என் உடம்பில் நடப்பதில்லையே.

மாமாவின் கேள்விக்கு வருகிறேன். அவனுங்க நிறுத்துவானுங்களா? நிறுத்தியாகிவிட்டது. நான் மேலே சொன்ன அதே ஆய்வு ஒடிசாவுக்குக் கொடுக்கும் எண்ணும் 1.8தான். தமிழ்நாட்டுக்கும் ஒடிசாவுக்கும் புள்ளிக்குப் பின்னால்கூட வித்தியாசமில்லை. மேற்கு வங்காளம் நமக்கும் கீழே, 1.6. பீகார் 3.0 இருக்கிறது, ஆனால் அதுவும் 1990களின் தொடக்கத்தில் 4.0 இருந்து இறங்கி வந்தது. அமெரிக்காவிலும் இதே கதை. 2007இல் பெண்ணுக்கு 2.1 இருந்தது 2023இல் 1.6க்குப் போயிற்று, அதிகம் பெறுவார்கள் என்று பயந்த ஸ்பானிய வம்சாவளிப் பெண்களிடம்தான் இறக்கம் அதிகம். இடுப்பு எல்லா ஊரிலும் ஒன்றுதான். படிப்பும் பிழைக்கும் குழந்தையும் கிடைத்ததும், அந்தந்த ஊர் ஆயாக்கள் தாத்தாக்களிடம் சொல்லாமல் முடிவெடுத்துவிடுகிறார்கள்.

ஆக, பயத்துக்கு ஆதாரமான எண் பொய். ஆனால் பயம் பொய்யல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பக்கத்து ஊர்த் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியை பள்ளிக் கணக்கு விஷயமாக எங்கள் வங்கிக்கு வருவார். ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரப்படி மாணவர் எண்ணிக்கை எடுப்பார்கள். குறைந்தால் பணி நிரவல் என்று இரண்டாவது டீச்சரை வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் பள்ளியே எத்தனை நாளோ. ஜூலையில் அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும், வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறார் என்று. ஊரில் குழந்தைகளே குறைவு. இருக்கிற குழந்தைகளையும் காலை ஏழே முக்காலுக்கு ஒரு மஞ்சள் வேன் காஞ்சிபுரத்துக்கு அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. மாமாவின் பேத்தி அந்த வேனில்தான் போகிறாள். என் மகளும்.

இதை எழுதிவிட்டுச் சிறிது நேரம் பேனாவை வைத்துவிட்டேன். தாய்மொழிக் கல்வி பற்றி நான் எழுதிய கட்டுரையைப் படித்த நண்பர்கள் சிலர் இதையும் படிப்பார்கள். படிக்கட்டும்.

அந்தப் பள்ளியில் அப்போது மொத்தம் பத்தொன்பது பேர். அதில் ஏழு பேர் கிரஷரிலும் ரைஸ்மில்லிலும் குடியிருக்கும் ஒடிசா, பீகார்க் குடும்பத்துப் பிள்ளைகள். மூன்று மாதத்தில் தமிழ் பேசிவிடுகிறார்கள், 'ழ' நம்ம பிள்ளைகளைவிடச் சுத்தமாக வருகிறது என்று தலைமையாசிரியை சொல்லியிருக்கிறார். அந்த ஏழு பேர் இல்லாவிட்டால் இரண்டாவது டீச்சர் இல்லை. ஊரைப் பிடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று மாமா பயந்தவர்களின் பிள்ளைகள்தான் ஊரின் பள்ளிக்கூடத்தை மூடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

2027 மார்ச் 1ஐ ஆதாரத் தேதியாக வைத்துக் கணக்கெடுப்பு என்று 2025 ஜூனில் அறிவித்தார்கள். எங்கள் பக்கத்து கிரஷர் பையன் அதில் எங்கே எண்ணப்படுவான்? இங்கே வசிப்பதால் இங்கேதான். அவன் தலை தமிழ்நாட்டின் தலைக்கணக்கில் சேரும். ஜனத்தொகையை வைத்துத் தொகுதியைப் பங்கிட்டால், நாம் இழக்கப்போவதாகச் சொல்லும் இடங்களில் ஏதோ ஒரு துளி அவனால் இழக்காமலிருப்போம். அவன் வாக்கு போலாங்கீரில். டெக்ஸாஸில் என் சித்தப்பா மகனின் தலை செய்த காரியத்தை மாகறலில் இவன் தலை செய்யும். மலையகத் தோட்டத்தில் நடந்த கொடுமையை இதற்குச் சமமாகச் சொல்ல மாட்டேன். இவனுக்கு நாடு இருக்கிறது, வாக்கு இருக்கிறது, விரும்பினால் இங்கேயே பட்டியலில் பெயரைச் சேர்த்துக்கொள்ளச் சட்டமும் இருக்கிறது. கொடுமை வேறு. ஆனால் கூட்டல் ஒன்றுதான். வித்தியாசம், கண்டிச் சிங்களவன் இருந்த நாற்காலியில் இந்தத் தடவை நாம் உட்கார்ந்திருக்கிறோம். நமக்கு வேண்டியது அவன் தலை; வேண்டாதது அவன்.

சிறுபத்திரிகைக்காரர்களான நாம் எண்ணிக்கையை மதிக்காததைக் கௌரவமாக நினைப்பவர்கள். சில நூறு பிரதிகள் அச்சிட்டு, அதில் பாதியைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு, லட்சம் பேர் படிப்பது இலக்கியத்துக்கு அத்தாட்சி அல்ல என்று எழுதிவந்திருக்கிறோம். அதே வாயால், மொழியும் பண்பாடும் தலைகளின் எண்ணிக்கையில் நிற்கிறது என்று பதறுகிறோம். இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும். அல்லது எண்ணிக்கை முக்கியந்தான், ஆனால் யாரை எண்ணுகிறோம் என்பது அதற்கு முந்தின கேள்வி. பத்தாம் நூற்றாண்டில் உத்திரமேரூர் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொன்னது. குடத்தைப் பற்றிப் பெருமைப்படும் நாம் நம்முடைய பதிலை இன்னும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 1 வெள்ளிக்கிழமை. பிற்பகலில், கவுண்டர் மூடுவதற்கு முன், தலைமையாசிரியை ஒரு காசோலையோடு வந்தார். முகத்தில் ஜூலை இல்லை. மாமாவும் அப்போது அங்கே இருந்தார், பாஸ்புக்கில் பதிவு போட. நான் விசாரித்தேன், எத்தனை டீச்சர் என்று.

"எங்க ஸ்கூல்ல இருவத்தோரு பேர் சார்" என்றார். "கிரஷர்லேருந்து இன்னும் ரெண்டு வந்து சேந்துதுங்க."

"நல்லதாப் போச்சு" என்றார் மாமா. உண்மையாகவே சந்தோஷமாகச் சொன்னார்.

நான் காசோலையை வாங்கி முத்திரை வைத்தேன். அவர் 'நம்ம ஸ்கூல்' என்று சொல்லவில்லை, 'எங்க ஸ்கூல்' என்றார். எதிரே நின்ற என்னைச் சேர்க்காத சொல். இலக்கணப்படி சரிதான். என் மகள் வருகிற வேன் அப்போது காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பியிருக்கும்.